நல்ல தண்ணீரில் ஒரு சொட்டு

கறுப்புக் கண்ணாடித் தட்டில் விளிம்பு வரை தண்ணீர். தட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் ஒரு சின்னக் குழாய் முனை. சன்னல்களைப் போர்வை போட்டு மூடியிருந்தோம். காற்றில் சொட்டு விலகிப் போகும் என்று மின்விசிறியையும் நிறுத்தியாகிவிட்டது. அருப்புக்கோட்டையில் நடுப்பகலில் சன்னலையும் அடைத்து விசிறியையும் நிறுத்தி உட்கார்ந்து பாருங்கள், நான் அன்று இருந்த மனநிலை புரியும். நான் பனியனோடு இருந்தேன். என் மைத்துனன் கேசவன் அதுவும் இல்லாமல் இருந்தான்.

“அமுக்குங்க பாவா” என்றான்.

கையிலிருந்த பொத்தானை அமுக்கினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். இருட்டில் எதுவோ விழுந்தது. ப்ளாஷ் வெட்டியது. விளக்கைப் போட்டுக் கேமராவின் முதுகுத் திரையில் இருவரும் குனிந்து பார்த்தோம். தட்டு இருந்தது, தண்ணீர் இருந்தது, சொட்டு மட்டும் இல்லை.

நாற்பதாவது படமோ ஐம்பதாவது படமோ, எண்ணுவதை விட்டு நாளாகியிருந்தது. எல்லாவற்றிலும் ஒன்று, சொட்டு இன்னும் வந்து சேரவில்லை. இல்லாவிட்டால் வந்து போய்விட்டது. முந்தின நாள் சொட்டையும் ப்ளாஷையும் இயக்கும் இதே பெட்டி, இதே அளவு வைத்து, அழகாக ஒரு சொட்டைப் பாதி வழியில் பிடித்துக் கொடுத்திருந்தது. ஒரு ராத்திரியில் என்ன கெட்டுப்போனது என்று தெரியவில்லை.

கேசவன் பெட்டியைப் பார்த்தான். நான் என் வலது கையைப் பார்த்தேன்.

திருச்சுழிக் கல்யாணம்

கையைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் சொல்லவில்லை. கல்யாண மண்டபங்களைப் பற்றி எழுதினேன், பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வராததைப் பற்றிக்கூட எழுதினேன். கையை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். வீட்டிலும் அப்படித்தான், சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் கல்யாணப் படம் எடுத்தவன் நான். அந்தக் கை ஒருநாள் நடுங்க ஆரம்பித்தது. முதலில் பசி என்று நினைத்தேன், பிறகு காப்பி என்று நினைத்தேன். மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். மாத்திரையில் கொஞ்சம் குறையும், முழுக்க நிற்காது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் வீட்டில் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் திருச்சுழிக் கல்யாணம். கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்துக்குக் கொண்டுபோகிறார். நான் விடாமல் அமுக்குகிறேன். அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் வந்து பார்த்தால் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. தாலியும் இரண்டிரண்டாக, விரலும் இரண்டிரண்டாக. அட்சதை மழை மட்டும் நன்றாக இருந்தது, அது எப்படி விழுந்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். திட்டுவார், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். அந்த மனிதர் என் கையை ஒரு தடவை பார்த்தார். “விடுங்கண்ணே, வீடியோவுல இருக்குல்ல. பிள்ளைக நல்லாருந்தாப் போதும்” என்று சொல்லி மோர் கொண்டுவரச் சொன்னார். அந்த மோரை நான் இடது கையில் வாங்கிக் குடித்தேன்.

அன்றோடு கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். விருதுநகரில் தொழில் செய்யும் ஒருவர் என் கேமராவைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆவணி பிறந்ததும் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

என் மனைவி ராஜி எதுவும் கேட்கவில்லை. காப்பி டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். பாதி என்றால் சிந்தாது. அதையும் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடித்தேன்.

சோப்பு டப்பாவுக்குள் ஒரு மூளை

ராஜியின் தம்பிதான் கேசவன். விசைத்தறிகளுக்கு மோட்டார், போர்டு பழுது பார்ப்பவன். எங்கள் இரண்டு குடும்பமும் நெசவுக் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அதனால்தான் அக்கா கணவனான நான் அவனுக்குப் ‘பாவா’. மற்றப் பேச்சையெல்லாம் இங்கே எங்கள் ஊர்த் தமிழுக்கு மாற்றித்தான் எழுதுகிறேன்.

ஆனி மாத நடுவில் ஒருநாள் ஒரு சோப்பு டப்பாவோடு வந்தான். உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு போர்டு, நாலைந்து வயர். மைக்ரோ கண்ட்ரோலர் என்றான். தறி போர்டுகளில் இருக்கும் அதே ஜாதிதான், நாம் எழுதிக் கொடுத்த வேலையை நொடியை ஆயிரமாகப் பிரித்து நேரம் தவறாமல் செய்யும் என்றான். கூடவே தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினிலிருந்து கழற்றிய ஒரு வால்வு, ஒரு காலி குளுக்கோஸ் பாட்டில், காலிங் பெல் பொத்தான் ஒன்று.

வேலை இதுதான். பாட்டிலைத் தலைகீழாகக் கட்ட வேண்டும். பொத்தானை அமுக்கினால் இருட்டில் கேமரா கண்ணைத் திறக்கும். வால்வு ஒரு கணம் திறந்து ஒரே ஒரு சொட்டை விடும். அந்தச் சொட்டு தட்டைத் தொட்டு, தண்ணீர் எழும்பும் நேரம் பார்த்து ப்ளாஷ் வெட்டும். சொட்டு முனையை விட்டுத் தட்டுக்கு வர நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. மனிதக் கை எதுவும் அதைப் பிடிக்க முடியாது, நடுங்காத கையும் முடியாது. கேசவன் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லவில்லை. சொல்லாமல் சொன்னான்.

எனக்கு உடனே கோபம் வந்தது. கண்ணைத் திறப்பது மிஷின், வெளிச்சம் போடுவது மிஷின், அப்புறம் படம் யாருடையது என்று கேட்டேன்.

“பின்னால திரை மாதிரி சேலையை எங்க கட்டணும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரணும், இதெல்லாம் எனக்கு என்ன தெரியும் பாவா? எனக்கு மில்லி செகண்டு மட்டுந்தான் தெரியும்” என்றான்.

அவன் சேலை என்றதும் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. சொட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அது சொட்டுக்குள் தலைகீழாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். மழைக்குப் பிறகு கொடிக்கம்பியில் தொங்கும் சொட்டுகளில் பார்த்திருக்கிறேன், இந்த ஊரில் அதற்கு வாய்ப்பு குறைவு என்றாலும். ராஜியிடம் மஞ்சளில் கட்டம் போட்டு, அடியில் அகலமாகச் சிவப்புக் கரை வைத்த ஒரு பருத்திச் சேலை உண்டு. அதைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துத் தந்தாள்.

ஆடி முடிவதற்குள் ஒரு படம். ஒரே ஒரு படம் சரியாக வந்தால் கேமரா என்னிடம் இருக்கும். இல்லாவிட்டால் விருதுநகருக்குப் போகும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வாய் சும்மா இல்லாமல் அவர்கள் இருவரிடமும் சொல்லித் தொலைத்தேன்.

தறி நிற்கும் நேரம்

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி விசைத்தறிக் கூடம். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், அது நின்றால்தான் காது திரும்பிப் பார்க்கும். ஆனால் தட்டிலிருந்த தண்ணீருக்கு அந்தப் பழக்கம் இல்லை. தறி ஓடும்போது தண்ணீரின் மேல் சுங்குடிச் சேலை மாதிரி புள்ளி புள்ளியாக நடுக்கம். அதனால் கூடத்தில் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தும் அந்தச் சின்ன இடைவேளைதான் எங்களுக்குக் கிடைத்த நேரம். கேசவன் அவன் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிவருவான்.

இருந்தும் சரிவரவில்லை. ஒருநாள் கேசவன் சொட்டுக்கும் ப்ளாஷுக்கும் இடையே இத்தனை மில்லி செகண்டு என்று ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பான், அதை வைத்தால் சொட்டு சிக்கும். மறுநாள் அதே எண்ணில் வெறும் தட்டு. அவன் எண்ணைக் கூட்டுவான், குறைப்பான், நிரலைத் திருப்பி எழுதுவான், வயரை மாற்றுவான். ஆடிக்காற்று வெளியே மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கேமராவில் குவியம் பார்க்கிற சாக்கில் மேசைப் பக்கமே போகாமல் இருக்க முயன்றேன். காரணம், தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். என் கை மேசையில் பட்டிருக்கும். எனக்குத் தெரியாமல் தட்டு அசைந்திருக்கும்.

ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த வெறும் தட்டுப் படம், அன்றைக்குத்தான் எனக்குள் அடக்கியிருந்தது வெடித்தது. கேசவன் குழம்பிப் போய், வேறு எதையோ யோசித்துக்கொண்டே, “மேசையத் தொடாதீக பாவா” என்றான்.

அவ்வளவுதான். நான் என்னென்னவோ பேசினேன். நடுங்குகிறவனுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவந்து கொடுத்து வேடிக்கை பார்க்கிறாயா என்று கேட்டேன். என் கையைச் சொல்லிக் காட்டத்தான் ஒரு மாதமாக இந்த வேலையா என்று கேட்டேன். அவன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனான். எங்கள் வீட்டில் சாப்பிடாமல் அவன் போனது அன்றுதான் முதல் தடவை. ராஜி சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளைப் பொருக்கு

பத்து நாள் கழிந்திருக்கும். ராஜி தன் சேலையைத் திருப்பி எடுக்க அந்த அறைக்கு வந்தாள். நான் கேமராவைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சேலையை அவிழ்க்காமல் குழாய் முனையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். வெள்ளையாகப் பொருக்கு.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் தண்ணீர் இரண்டு ஜாதி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். குடிக்க, சோறாக்க நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் எந்தக் குழாயில் வந்தாலும் அந்த வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டும். நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று ஊருக்கு ஊர் கணக்கு வேறு. வந்த அன்று பிடித்து வைப்பதுதான். டம்ளரில் ஒரு வாய் மிச்சம் இருந்தால்கூட அது சாக்கடைக்குப் போகாது, செடிக்குப் போகும்.

குளுக்கோஸ் பாட்டிலில் ஒரு மாதமாக நான் ஊற்றியது உப்புத் தண்ணீர். யோசித்து ஊற்றவில்லை, கை தானாக அந்த வாளிக்குப் போயிருக்கிறது. கேசவனும் என்ன தண்ணீர் என்று கேட்கவில்லை, அவனும் இந்த ஊர்க்காரன். சொட்டு விட்டு விளையாட நல்ல தண்ணீரை எடுக்க எங்களில் எவனுக்கும் கை வராது.

தினமும் மிச்சத் தண்ணீர் முனையில் காய்ந்து உப்பு கட்டியிருக்கிறது. மறுநாள் ஓட்டை ஒரு மயிரிழை குறைந்திருக்கும், சொட்டு சிறுத்திருக்கும், முனையை விடத் தாமதித்திருக்கும். மயிரிழையை நம்பி இருக்கிற வேலையில் இது போதாதா? பெட்டியில் தப்பில்லை. என் கையிலும் தப்பில்லை.

“நீங்க நல்ல தண்ணி கேட்டிருக்கலாம்ல” என்றாள்.

விளையாட்டுக்கு எப்படிக் கேட்பது என்றேன்.

முனையையும் வால்வையும் கழற்றிக்கொண்டு போய்க் கிண்ணத்தில் புளியைக் கரைத்து அதில் ஊறப்போட்டாள். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“பிலிம் காலத்துல படத்தைக் கழுவிக் கடைசி அலசலுக்கு எங்கிட்ட ஒரு கொடம் நல்ல தண்ணி கேட்டு வாங்குவீக. உப்புத் தண்ணில அலசுனா பொண்ணு கன்னத்துல வெள்ளப் புள்ளி விழும், மாப்ள வீட்டுக்காரவுக தேமலான்னு கேப்பாகன்னு சொல்லுவீக. பிள்ளைகளுக்கு அளந்து ஊத்திட்டு உங்களுக்குக் கொடம் தந்திருக்கேன். அது வேலைன்னு தந்தேன். இப்பவும் வேலைன்னா எடுத்துக்கோங்க. விளையாட்டுன்னா ஒரு சொட்டு கெடையாது.”

முப்பது வருடம் தொழில் செய்தவன், உப்புத் தண்ணீர் படத்துக்கு ஆகாது என்பதை மறந்திருக்கிறேன். மறந்ததுகூட இல்லை. இதைத் தொழில் என்று நான் நினைக்கவே இல்லை. கேமரா கையில் இருக்கும்போதே நான் அதைக் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

“வேலைதான்” என்றேன்.

அவள் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு வைத்தாள். அடுத்த தண்ணீர் வர இன்னும் நாலு நாள் இருந்தது.

கேசவனுக்கு நானே போன் செய்தேன். தப்பு தண்ணீரில் இருந்தது என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் காத்திருக்கவில்லை. “செவ்வாக்கெழம பராமரிப்புக்கு நாள் பூரா கரண்டு கெடையாது பாவா. தறியும் ஓடாது. வாரேன்” என்று வைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை

மாதாமாதம் மின்சாரம் நிறுத்துகிற நாளை ஊரே சபிக்கும். அன்று நான் விடிந்ததிலிருந்து அதற்காகக் காத்திருந்தேன். ஒன்பது மணிக்குத் தறிகள் எல்லாம் ஒன்றுபோல அடங்கின. தெருவில் யாரோ இருமுவது கேட்டது. ப்ளாஷ் பாட்டரியில் ஓடும். சோப்பு டப்பாவுக்கு செல்போன் பவர் பாங்க் போதும். ஆடி முடிய நாலைந்து நாள் பாக்கி.

நல்ல தண்ணீரை நான்தான் ஊற்றினேன். தட்டிலும் நல்ல தண்ணீர். சொட்டு விழும் இடத்தில் ஊசி ஒன்றை நிறுத்திவைத்துக் கேமராவில் குவியம் பார்த்தேன். சேலையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டச் சொன்னேன், ப்ளாஷைச் சேலையின் பக்கம் திருப்பச் சொன்னேன். கேசவன் சொன்னதைச் செய்தான். அவனிடம் பழைய பேச்சு எதையும் நான் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

முதல் படத்தில் பாதி வழியில் சொட்டு. அவன் எண்ணை மாற்றினான். இரண்டாவதில் தட்டைத் தொட்டுவிட்டது. மூன்றாவதில் கிரீடம் மாதிரி தண்ணீர் விரிந்தது. ஒவ்வொரு எண்ணும் சொன்ன சொல் கேட்டது. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ, விளக்கு இல்லாததால் கேமரா திரையின் வெளிச்சத்திலேயே மூவரும் பார்த்தோம்.

தண்ணீர் ஒரு விரல் உயரத்துக்கு நேராக எழும்பி நிற்கிறது. அதன் தலையில் ஒரு சின்ன மணி, இப்போதுதான் பிரியப் போகிறது. அந்த மணிக்குள் ராஜியின் சேலை. மஞ்சள் கட்டம் ஒன்று விடாமல், கீழே இருக்க வேண்டிய சிவப்புக் கரை மேலே. ஒரு இடத்தில்கூட ஆட்டம் இல்லை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க ஏதாவது பேச வேண்டும் என்று, கையிலிருந்த பொத்தானைக் காட்டி, ரொம்ப நாளாக மனதில் இருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். என் விரல் ஒரு தடவை அமுக்கினால் நடுக்கத்தில் அது மூன்று நாலு தடவை அமுங்கும். வீட்டு காலிங் பெல்லையே நான் அமுக்கினால் விட்டு விட்டு அடிக்கும். இதில் மட்டும் ஒருநாள்கூட இரண்டு சொட்டு விழவில்லையே, எப்படி?

கேசவன் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“மொத அமுக்கு மட்டுந்தான் அதுக்குக் கணக்கு பாவா. அதுக்கப்புறம் ரெண்டு செகண்டுக்கு கை என்ன செஞ்சாலும் அது பாக்காது. மொத நாளே அப்படித்தான் எழுதிக் கொண்டாந்தேன்.”

இவனைத்தான் என் கையைச் சொல்லிக் காட்ட வந்தவன் என்று திட்டி அனுப்பினேன். அவன் அன்று இதை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால் போதும், நான் செத்திருப்பேன். சொல்லாமல் போயிருக்கிறான். அவன் தோளைப் பிடித்தேன், வலது கையால்தான் பிடித்தேன். “ஏலே, மன்னிச்சுக்கோ” என்றேன். “எதுக்கு பாவா” என்று வயரைச் சுற்றுவதிலேயே இருந்தான்.

தட்டில் நின்ற நல்ல தண்ணீரை ராஜி துணியில் வடிகட்டி எடுத்துக்கொண்டு போனாள். சொட்டு விழுந்ததால் அது கெட்டுப்போய்விடவில்லை என்றாள். அதிலேயே காப்பி போட்டு மூன்று டம்ளர் கொண்டுவந்தாள்.

எனக்கு நீட்டிய டம்ளரில் விளிம்பு வரை ஊற்றியிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தம்பியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. வலது கையில் வாங்கினேன். உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் தளும்பியது, ஒரு சொட்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது, இன்னொன்றும் விழுந்தது. இருவரும் மத்தியானச் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தை நான் குடித்து முடித்தேன்.